நெய்யாற்றின்கரையில் நான் வண்டியைத் திருப்பியது ஏன்

மக்கா,

நாளைக் காலையில் உன்னைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கொண்டு விட வேண்டும். கருங்கலில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு எத்தனை வருடமாக அந்த வழியில் ஓடுகிறேன் என்பது உனக்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் எந்த நேரத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும், பாறசாலையில் எந்தத் திருவிழாவுக்கு ரோட்டை அடைப்பார்கள் என்பதெல்லாம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஆனாலும் நாளைய ஓட்டத்துக்காக இரண்டு தடவை எழுந்து போய் டயரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ பார்த்திருக்க மாட்டாய். நாம் இரண்டு பேரும் நேராகப் பேசி எத்தனையோ மாதமாகிறது. சாப்பாடு ஆச்சா என்பதைக்கூட உன் அம்மா வழியாகத்தான் கேட்டுக்கொள்கிறோம். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் சத்தம் போடுவேன், நீ எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் அம்மாவிடம் கொடு, அடுப்பில் போட்டுவிடுவாள். இதை உன் பெட்டிக்குள் வைத்துவிடாதே. பிறர் கண்ணில் படக்கூடாத சங்கதிகள் இதில் இருக்கின்றன.

முதலில் சுஜின் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் மாமி, அதாவது என் தங்கை, நெய்யூரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஷார்ஜாவில் மொட்டை மாடியில் ஏசி மாட்டுகிற வேலை, வெயில் தலைக்கேறிவிட்டது, அதிலிருந்து பையன் இப்படி ஆகிவிட்டான் என்பாள். நீ அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். உனக்கும் அதையேதான் சொன்னோம். சுஜின் எப்படி இருந்தவன் என்பது உனக்கு நினைவிருக்கும். வாலிபால் ஆடும்போது அவன் அடிக்கிற பந்து எதிர்ப்பக்கத்துக்காரன் கையைச் சிவக்க வைக்கும். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். லீவுக்கு வரும்போது உனக்கு ஷூ கொண்டுவருவான், உன் கால் அளவை என்னிடம் போனில் கேட்டுக்கொண்டு. அவனை அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தகவல் வந்தபோது, நானும் மாமியும்தான் கூட்டிவரப் போனோம்.

வெளியே வந்தவன் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும் இருந்தது. என்னைத் தாண்டி நடந்து போனான். கூப்பிட்ட பிறகுதான் நின்றான். மாமி கட்டிப்பிடிக்கப் போனாள், இரண்டு கையாலும் தள்ளிவிட்டான். வண்டியில் ஏறியதும் பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தான். "மாமா, பொறத்தால ஒரு வண்டி வருது. நம்மளத்தான் வெரட்டுகான்" என்றான். பின்னால் வந்தது அரசு பஸ். அது முன்னேறிப் போன பிறகு அடுத்து வந்த லாரியைக் காட்டினான். பாறசாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சீட்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்துகொண்டான். அந்த உயரமான பையன், முழங்காலை நெஞ்சோடு ஒட்டி. மாமி அழவில்லை. ஊர் எல்லை வந்ததும் என் தோளைத் தொட்டு, "அண்ணே, வெயிலு தலைக்கேறிப்போச்சுன்னு சொல்லுவோம்" என்று மட்டும் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

என்ன நடந்தது என்பதை பென்னட் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவன் குளச்சல்காரன், ஷார்ஜாவில் சுஜினோடு ஒரே அறையில் இருந்தவன். லீவுக்கு வந்தபோது என் வண்டியைத்தான் கூப்பிட்டிருந்தான். பாலராமபுரம் வந்ததும் டீ குடிக்கலாம் என்று நிறுத்தச் சொன்னான். டீயைக் கையில் வாங்கிவிட்டுக் குடிக்கவே இல்லை. "மாமா, ஒங்ககிட்ட சொல்லாம எனக்கு வீட்டுக்குப் போவ முடியாது" என்று ஆரம்பித்தான்.

"பக்கத்து ரூம்காரன் ஒருத்தன் கொண்டுவந்தான் மாமா. சின்ன கவரு, பளபளன்னு, மேல ஏதோ படம் போட்டு. உள்ள காஞ்ச எல மாதிரி இருந்துது. இது கஞ்சா இல்ல, ஹெர்பலாக்கும், கடையிலயே விக்கது, மூத்திரத்த டெஸ்ட் பண்ணினாலும் தெரியாதுன்னான். மொத தடவ சுஜினுக்கு ஒண்ணும் ஆவல்ல. சிரிச்சிட்டு கெடந்தான், அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழம லீவு. அதே கவரு, அதே படம். சோறு தின்னுட்டு ரெண்டு இழுப்பு இழுத்தான். நெஞ்சு அடிக்கது சட்டைக்கு மேல தெரியுது மாமா. வாந்தி எடுத்தான். பெறவு கண்ணு மேல செருகி, கையும் காலும் இழுக்க ஆரம்பிச்சுது."

"ஆம்புலன்ச கூப்பிடல்லியா?" என்று கேட்டேன்.

"கூப்பிடணும்னு போன எடுத்தேன். ஒருத்தன் பிடுங்கிட்டான். ஆம்புலன்சுக்க கூட போலீசு வரும், எல்லாருக்க விசாவும் போவும்னான். நாங்க அஞ்சாறு பேரு. எல்லாருக்கும் வீட்டுல கடன். தலையில தண்ணி ஊத்தினோம். மோரு குடுத்தோம். இப்பம் சரியாவும், இப்பம் சரியாவும்னு பாத்துட்டே இருந்தோம். பள்ளிவாசல்ல சாயங்கால வாங்கு கேட்ட பெறவு, அவன் ஒடம்பு நெருப்பா கொதிக்குன்னு தெரிஞ்ச பெறவு, நான் படியெறங்கி ஓடி ரோட்டுல நிண்ணு கூப்பிட்டேன்."

அந்த ஊர் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் அவன் உயிரைக் காப்பாற்றினார்கள். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போய், மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்து பிழைக்க வைத்தார்கள். முதலில் எடுத்த பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லையாம். அவன் ஏன் விழுந்தான் என்று டாக்டர்களுக்கே புரியவில்லை. கவரைக் காட்டி, இதைத்தான் இழுத்தான் என்று சொல்ல அறையில் ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. பிறகு ரத்தத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவன் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். சுஜின் விற்கவில்லை, கடத்தவில்லை. அவன் உடம்புக்குள் அது இருந்தது, அது போதும் அங்கே. ஆஸ்பத்திரியில் இருந்து நேராக ஜெயில். தண்டனை முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டு, இனி இந்த நாட்டுக்குள் வரவே கூடாது என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

நாகர்கோவிலில் நாங்கள் அவனைக் காட்டிய மனநல டாக்டர் பொறுமையான மனிதர். மாமி அவரிடம், எலதானே டாக்டரே, எலைக்கு இவ்வளவு விஷமா என்று கேட்டாள். இலை வெறும் இலைதான், அதன்மேல் தெளிக்கிற ரசாயனம்தான் எல்லாம் செய்கிறது என்றார். கேட்டபோது எனக்கு நம் வாழைக்கு மருந்து அடிப்பதுதான் ஞாபகம் வந்தது. ஒரு இலையில் சொட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்து இலையில் ஒரு துளிகூடப் பட்டிருக்காது. ஒரே கவரில் ஒரு பக்கம் சும்மா இருக்கும், இன்னொரு பக்கம் ஆளைக் கொல்லும். ஒரு ரசாயனத்தை அரசாங்கம் தடை செய்தால், அதிலே ஏதோ ஒன்றைச் சற்று மாற்றி வேறொன்றாக்கி அதே கவரில் அடைத்துவிடுவார்களாம். "இதுக்கு இன்னதுதான் மாற்று மருந்துன்னு எங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா, உள்ள போனது என்னன்னு தெரிஞ்சாத்தானே" என்றார். சுஜின் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, யாருக்கோ மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து என் வண்டியில் ஏறுகிறவர்களிடம், பிறர் கொடுத்த பொதி இருந்தால் பிரித்துப் பாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் உமக்கு என்ன வேணும் என்று கேட்டார்கள். ஒரு அம்மா கோபத்தில் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டாள். நீகூட ஒருமுறை, அப்பா கஸ்டம்ஸ் ஆபீசர் ஆகிவிட்டார் என்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்தாய். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

உனக்கு முதல் விசா வந்து நீ துபாய்க்குப் புறப்பட்ட நாளை எடுத்துக்கொள். காலையில் ஜெபம் பண்ணி முடித்து, பெட்டியை வண்டியில் ஏற்றும் நேரத்தில் ரெஜின் பைக்கில் வந்தான். நீ பெங்களூரில் வேலை பார்த்தபோது உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவன், நம் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டவன். துபாயில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு என்று ஏத்தங்காய் சிப்ஸ் பொதி ஒன்றைக் கொடுத்தான். நீ அதை வாங்கிக் கைப்பையில் வைத்தாய். பெட்டியில் இடம் இருந்தது, ஆனாலும் கைப்பையில் வைத்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. களியக்காவிளை தாண்டும்வரை எனக்குள் நானே சண்டை போட்டுக்கொண்டு ஓட்டினேன். ஊரார் பிள்ளைகளிடம் கேட்கிறதைச் சொந்தப் பிள்ளையிடம் கேட்க நாக்கு வரவில்லை. நெய்யாற்றின்கரையில் டீசல் போட நிறுத்தியபோதுதான் கேட்டேன். "அந்த சிப்ச ஒண்ணு பிரிச்சுப் பாத்துருவமா மக்கா?"

நீ வேண்டாம் என்றாய். ஒட்டியிருக்கு, பிரித்தால் நமத்துப்போகும் என்றாய். உன் அம்மா, "பிரிச்சா என்ன மோனே, நான் ரப்பர் போட்டுத் தாறேன்" என்றாள். வண்டியைப் பெட்ரோல் பங்கின் ஓரத்துக்குத் தள்ளி நிறுத்திவிட்டு, நானே பையை எடுத்துப் பிரித்தேன். மேலே சிப்ஸ். கை விட்டால் அடியில் வேறொரு பிளாஸ்டிக். அதற்குள் சின்னச் சின்னதாகப் பளபளப்பான கவர்கள். பச்சையில் ஒரு படம். ஊதுபத்தி மாதிரி வாசனைக்கு எரிப்பது, மனிதர்கள் உட்கொள்ளக் கூடாது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பென்னட் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன அதே மாதிரிக் கவர். அம்மா, "ஊதுபத்தியா இது?" என்று கேட்டாள். நீ சொன்னாய், "ஆமாம்மா. ஹெர்பல். நெட்டுல விக்கான். லீகல்தான்."

மக்கா, இத்தனை மாதமாக என்னைத் தூங்கவிடாதது அந்தக் கவர் இல்லை. உன் முகம். நீ திடுக்கிடவில்லை. உள்ளே இருந்தது உனக்குப் புதிதாக இருந்திருந்தால் என்னைவிட நீதான் அதிகம் பயந்திருப்பாய், ரெஜினைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருப்பாய். நீ அப்படி எதுவும் செய்யவில்லை. வாட்சைப் பார்த்தாய். "அப்பா, அங்க ஆளு காத்து நிப்பான். நான் என்ன சொல்ல?" என்றாய். அந்த நேரத்தில் பங்கில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது, காற்று பிடிக்க. என் கையில் அந்தக் கவர்கள். நான் அவற்றைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு கழிவறைக்குப் போனேன். ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். கிழியாததைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். அதன் பிறகு, வாயில் பட்டுவிட்டதோ என்று பயந்து, வாய் எரியும்வரை கொப்பளித்தேன்.

போலீஸில் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்று எனக்கே தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. கொடுத்தால் யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள், என் மகன் கையில் என்று நான்தான் சொல்ல வேண்டும். வெளியே வந்து வண்டியை எடுத்தேன். எடுத்தவன் ஏர்போர்ட் பக்கம் போகவில்லை, ஊர்ப்பக்கம் திருப்பினேன். ஒரு பொதியைத்தானே பிரித்தேன், பெட்டிக்குள் வேறு என்ன இருக்கிறதோ என்ற பயம். அந்தப் பக்கம் காத்து நிற்கிறவன் வெறுங்கையோடு வரும் உன்னை என்ன செய்வானோ என்ற பயம். நீ கத்தினாய். என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "எனக்க வாழ்க்கைய நீங்க கெடுத்துட்டிய" என்றாய். அம்மா ஒன்றும் புரியாமல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். களியக்காவிளை செக்போஸ்டில் கை காட்டி நிறுத்தியபோது அந்தக் கவர்கள் வண்டியில் இல்லை, ஆனாலும் லைசென்ஸ் கேட்டவரிடம் டீசல் பில்லை நீட்டினேன். அந்த விசா போயிற்று. அன்றோடு நம் பேச்சும் நின்றது. ரெஜின் பொதியைக் கேட்டு வந்தபோது, கழிவறையில் கொட்டிவிட்டேன் என்று நானே சொன்னேன். அவன் சிரித்தான். "அங்கிள், நீங்க சும்மா பயப்படுதிய" என்றான்.

அவனைப் பெங்களூரில் பிடித்ததை ஊரே அறியும். கூரியரில் வந்த பார்சலை வாங்கக் கையெழுத்துப் போட்டபோது பிடித்தார்கள். அவன் அப்பாவும் அம்மாவும் வழக்கறிஞரைப் பார்க்கப் போக என் வண்டியைக் கேட்டார்கள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன். பெற்றவர்கள்மேல் இரக்கப்பட்டுத்தான் போனேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஜெபின் என்கிற உன் பெயர் அங்கே எங்காவது வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போனேன் என்பதுதான் உண்மை. தமிழ் பேசுகிற ஒரு பெண் வழக்கறிஞர். ரெஜினின் அப்பா அவரிடம், "உள்ள என்னதுன்னு பயலுக்குத் தெரியாதுன்னு சொல்லப்புடாதா அம்மா?" என்று கேட்டார்.

"தெரியாதுன்னு நீங்கதான் நிரூபிக்கணும் சார். தெரிஞ்சுதான் வெச்சிருந்தான்னுதான் சட்டம் முதல்ல எடுத்துக்கும். கவர்ல லீகல்னு போட்டிருக்கறது அச்சடிச்சவனோட பேச்சு, கோர்ட்டுக்கு அது ஒண்ணுமே இல்ல. லேப் ரிப்போர்ட்ல என்ன பேர் வருதோ அதுதான் கேஸ். தடை பண்ணின பட்டியல்ல அந்தப் பேர் இருந்தா ஜாமீன் கிடைக்கறதே கஷ்டம். எடை போடும்போது இலையையும் சேர்த்துத்தான் போடுவாங்க." அவர் கடுமையாகச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ரெஜினின் அம்மா, அந்தப் பேர் என்னவென்று எழுதித் தரச் சொன்னாள், கோயிலில் சொல்லி ஜெபிக்க. ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும் என்றார் வழக்கறிஞர். கையில் வைத்திருந்தவனுக்கும் தெரியாது, பிடித்தவனுக்கும் தெரியாது, வழக்காடுகிறவருக்கும் தெரியாது. அதற்காக ஒரு இருபத்து மூன்று வயதுப் பையன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

மறுநாள் ஜெயிலில் அவனைப் பார்த்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்து நின்றான். அம்மாவும் அப்பாவும் பேசி அழுது முடித்து நகர்ந்ததும், என்னைப் பக்கத்தில் வரச் சொன்னான். மெதுவாகச் சொன்னான். "ஜெபினுக்க பேர நான் சொல்லல்ல அங்கிள்."

அவன் எனக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். சொல்லாமல் விட ஒரு பெயர் இருந்திருக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அதோடு எனக்குள் ஒரு நிம்மதியும் வந்தது பார், அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. வெளியே அவன் அம்மா மரத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நின்று, என் மகன் தப்பிவிட்டான் என்று மூச்சு விட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் ரெஜினின் அப்பா, "ஒங்க பய நல்லவன், நல்ல சேர்க்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஓசூர் தாண்டி, சேலம் தாண்டி, மதுரை வரை நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

இப்போது உனக்கு இரண்டாவது விசா வந்திருக்கிறது. நேற்று உன்னை மாமி வீட்டுக்குக் கூட்டிப்போனேன், போகும்முன் சொல்லிக்கொண்டு வர. மாமி அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நீயும் சுஜினும் உள்ளறையில் இருந்தீர்கள். வண்டியில் கிரீஸ் பட்ட கையைக் கழுவ நான் வீட்டின் பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். அந்த அறையின் ஜன்னல் குழாய்க்கு நேர் மேலே இருக்கிறது. ஒளிந்து கேட்க வந்தவன் இல்லை நான். ஆனால் கேட்ட பிறகு நகரவும் இல்லை.

சுஜின்தான் கேட்டான். "ஜெபினே, நீ அந்த எலைய இழுத்தியா?"

நீ, "ரெண்டு தடவ அத்தான்" என்றாய். "பெங்களூர்ல. ரெண்டாவது தடவ செவரு மூச்சு விடுகது மாதிரி தெரிஞ்சுது. நெஞ்சு வெடிச்சிரும்னு நெனச்சேன். செத்துப்போவப் போறேன், அம்மாவுக்குப் போன் போடுன்னு ரெஜின்கிட்ட கெஞ்சினேன். அவன் எனக்க வாயப் பொத்திப் பிடிச்சான், பக்கத்து வீட்டுல கேக்கும்னு."

"கவருக்குள்ள என்னன்னு அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். அவனுக்கும் தெரியாது."

"பெறவு தொட்டியா?"

"இல்ல அத்தான். தொடல்ல. ஆனா ராத்திரி கண்ண மூடினா சில நேரம் அந்தச் செவரு வரும்."

சுஜின் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் இத்தனை தெளிவாகப் பேசி நான் கேட்டு வருடங்களாகிறது. "எனக்கு இப்பமும் ஆளுக பேசுகது கேக்கும். மருந்து தின்னா சத்தம் கொறயும். நீ டாக்டர்கிட்ட சொல்லு. அப்பன்கிட்ட சொன்னியா?"

"எப்பிடிச் சொல்ல" என்றாய் நீ.

மாமி பின்வாசலுக்கு வந்து, "அண்ணே, தண்ணி வீணா போவுதே" என்று சொன்ன பிறகுதான் குழாய் திறந்தபடி இருந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வரும்வரை உன்னிடம் நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

நான் கேட்டுவிட்டேன் மக்கா. அது உனக்குத் தெரிய வேண்டும். தெரியாத மாதிரி உன்னை விமானம் ஏற்றிவிட்டு, நீ போன் எடுக்காத ஒவ்வொரு முறையும் ஷார்ஜாவின் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டு இங்கே இருக்க என்னால் முடியாது. பெங்களூரில் ஒரு அறையில் நீ அம்மாவைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாய். அந்த நேரத்தில் நான் எந்த ஊர்க்காரரை ஏற்றிக்கொண்டு, எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேனோ. உன் வாயைப் பொத்தியவன்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் அவனைப் பொத்த வைத்ததும் பயம்தான். பென்னட்டின் போனைப் பிடுங்கியவனும் பயந்தவன்தான். நானும் பங்கின் கழிவறையில் அதே பயத்தோடுதான் நின்றேன்.

அதனால் உன்னிடம் பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொருளைப் பார்த்துப் பயப்படு. எவன் எந்தப் பெயரைச் சொல்லி நீட்டினாலும், ஊதுபத்தி என்றாலும் உப்பு என்றாலும் மூலிகை என்றாலும் பயப்படு. பிறன் பொதியைத் தொடப் பயப்படு. ஆனால் உன் அறையில் ஒருவன் விழுந்தால், அது நீயாகவே இருந்தாலும், அப்போது விசாவுக்குப் பயந்து உட்கார்ந்திருக்காதே. ஆம்புலன்ஸைக் கூப்பிடு, என்ன இழுத்தான் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லு, கவர் இருந்தால் கையில் கொடு. போலீஸ் வரட்டும். ஜெயிலில் இருக்கும் மகனை நான் போய்ப் பார்த்துவிடுவேன், எவ்வளவு நாளானாலும். விசா போனால் போகட்டும், கருங்கலில் வண்டி நிற்கிறது. அன்று நான் கெடுத்தது ஒரு வேலையை. உன் வாழ்க்கை அதைவிடப் பெரியது என்றுதான் எனக்குத் தோன்றியது, இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. நீ என்னை மன்னிக்காவிட்டாலும் சரி.

நாளை நான் வண்டியைத் திருப்ப மாட்டேன். உன் பெட்டியையும் பார்க்க மாட்டேன். தொடவில்லை என்று நீ சுஜினிடம் சொன்னதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே பயப்படுகிறேன், இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது. அந்தச் சுவர் இன்னும் கண்ணில் வருகிறது என்றாயே, அதை ஒரு டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று உனக்குத் தோன்றினால் டிக்கெட்டைத் தள்ளி வைப்போம். வேண்டாம், போகிறேன் என்றால் போ. ஆனால் சுஜினிடம் சொன்னதை ஒரு தடவை என்னிடமும் சொல். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். என் கண் ரோட்டில்தான் இருக்கும். மார்த்தாண்டத்தில் எப்படியும் வண்டி நகராது, அந்த நேரம் போதும்.

உன் அப்பா